அடக்க விலை தெரியாத தொழில்முனைவுப் பாடம்

தொழில்முனைவு மேம்பாடு என்ற தாள் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ஏதாவது ஒரு பருவத்தில் எட்டிப் பார்த்துவிடுகிறது. அதை யார் எடுப்பது என்பதைப் பெரும்பாலும் கால அட்டவணைதான் முடிவு செய்யும். யாருக்கு வாரத்தில் நாலு மணி நேரம் குறைகிறதோ அவர் தலையில் விழும். பிறகு அவருக்கு ஓடி (பணிநிமித்த விடுப்பு) கொடுத்து ஐந்து நாள் எஃப்டிபிக்கு, அதாவது ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சிக்கு, அனுப்புவார்கள். குத்துவிளக்கு, வரவேற்புரை, தொழில்முனைவோரின் பத்து குணங்கள், ஒரு தொழிலை ஒரே தாளில் கட்டம் கட்டி எழுதும் பிசினஸ் மாடல் கேன்வாஸ், காப்புரிமை பற்றி ஒரு அமர்வு, வங்கி மேலாளர் ஒருவர், வெற்றி பெற்ற தொழிலதிபர் ஒருவர், குழுப் படம், சான்றிதழ். ஊர் திரும்பும்போது பென்டிரைவில் முந்நூறு ஸ்லைடு இருக்கும்.

ஸ்லைடுகளில் தவறு எதுவும் இருக்காது. ஆனால் திங்கட்கிழமை காலை அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் இந்த ஆசிரியர் முன்பு செய்யாத எதைச் செய்யப்போகிறார் என்று கேட்டுப் பாருங்கள். முன்பு பாடநூலிலிருந்து வாசித்ததை இனி ஸ்லைடிலிருந்து வாசிப்பார். நீச்சல் பயிற்றுநரைக் கரையிலேயே உட்கார வைத்துத் தண்ணீரின் வேதியியலைச் சொல்லிக்கொடுத்து அனுப்புவது போன்றது இது.

ஆசிரியருக்குப் பழக்க வேண்டியது மிகச் சிறிய ஒரு வேலை. மாணவர் சொல்லும் எந்த எண்ணுக்கும் எந்த முடிவுக்கும் ‘இது எங்கிருந்து வந்தது?’ என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பது. கேட்கச் சுலபமாக இருக்கும். இருபது வருடம் விரிவுரை செய்து பழகியவருக்கு இதைவிடக் கடினமான பயிற்சி இல்லை. இது கைவர வேண்டுமென்றால், அந்தக் கேள்விக்குத் தானே ஒருமுறை பதில் தேடித் தெருவில் அலைந்திருக்க வேண்டும்.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1960-களின் நடுவில் ஹார்வர்டு உளவியலாளர் டேவிட் மெக்லெலண்ட், ஹைதராபாத்தில் அப்போது சியட் என்று அழைக்கப்பட்ட சிறுதொழில் பயிற்சி நிறுவனத்தோடு சேர்ந்து, ஆந்திரத்தின் காக்கிநாடாவிலிருந்து வந்த வியாபாரிகளுக்குச் சாதனை ஊக்கப் பயிற்சி கொடுத்தார். விளையாட்டு, கதை எழுதுதல், தனக்கான இலக்கைத் தானே குறித்தல் என்று போனது அந்தப் பயிற்சி. விரிவுரைக்கு அதில் பெரிய இடமில்லை. பயிற்சி பெற்றவர்களைப் பெறாதவர்களோடு ஒப்பிட்டபோது, பெற்றவர்களிடம் தொழில் நடவடிக்கை கூடியிருந்தது. பின்னாளில் இந்தியாவெங்கும் பரவிய தொழில்முனைவோர் பயிற்சித் திட்டங்களிலும், 1983-இல் அகமதாபாத்தில் தொடங்கிய இந்தியத் தொழில்முனைவு மேம்பாட்டு நிறுவனத்தின் வேலைகளிலும் இதன் சாயல் உண்டு. நம் எஃப்டிபிகள் அந்தக் குடும்பத்தில் பிறந்தவைதாம். எப்படியோ விளையாட்டு உதிர்ந்துபோய் விரிவுரை மட்டும் தங்கிவிட்டது.

அமெரிக்காவிலும் இதே பாடத்தைப் பிந்தித்தான் படித்தார்கள். 2011-இல், தொழில்முனைவோராக இருந்து ஆசிரியரான ஸ்டீவ் பிளாங்க் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு வகுப்பைத் தொடங்கினார். அதே ஆண்டு அந்நாட்டுத் தேசிய அறிவியல் அறக்கட்டளை அதை எடுத்து ஐ-கோர் என்ற திட்டமாக்கியது. ஆய்வுக்கூடப் பேராசிரியர்களும் அவர்கள் மாணவர்களும் ஏழு வாரத்தில் நூறு வாடிக்கையாளர்களை நேரில் பார்த்துப் பேசிவிட்டு வர வேண்டும். அதற்கு முன் திட்ட அறிக்கை எழுதும் வேலையே இல்லை. அந்த வழியைத் தழுவிய பயிற்சி ஐஐடி மெட்ராஸின் கோபாலகிருஷ்ணன் தேஷ்பாண்டே மையத்திலும் நடக்கிறது. பேராசிரியர் வெளியே போகலாம், போனால் கௌரவம் குறையாது என்பதற்கு இத்தனை உதாரணம் போதும்.

இந்த வழியில் ஐந்து நாள் ஆசிரியர் பயிற்சி ஒன்றை நாமே நடத்துவதாக வைத்துக்கொள்வோம். பயிற்சிக்கு யாரை எடுப்பது என்பதிலேயே பாதி விஷயம் முடிந்துவிடுகிறது. இருபத்து நாலு பேருக்கு மேல் எடுத்தால் பயிற்சி கருத்தரங்காகிவிடும். ஒரு கல்லூரிக்கு ஒருவர் என்று பன்னிரண்டு மாவட்டத்திலிருந்து பொறுக்குவதைவிட, ஒரு கல்லூரிக்கு இருவர் என்று பன்னிரண்டு கல்லூரிகளை எடுப்பது நல்லது. தனியாகத் திரும்பும் ஆசிரியர் மூன்றாவது வாரம் துறைத்தலைவரின் ஒரு முகச்சுளிப்பில் பழைய முறைக்குத் திரும்பிவிடுவார். இருவராகத் திரும்பினால் ஸ்டாஃப் ரூமில் ஒருவருக்கொருவர் துணை. இருவரில் ஒருவர் வணிகவியல் அல்லது மேலாண்மை, மற்றவர் பொறியியல் அல்லது அறிவியல் என்று இருந்தால் இன்னும் நல்லது. கணக்கு ஒருவருக்கு வரும், பொருள் இன்னொருவருக்குத் தெரியும். அமெரிக்காவின் பாப்சன் கல்லூரி 1984-இல் தொடங்கிய ஆசிரியர் பயிற்சி, கல்வியாளரோடு தொழில் செய்பவரைச் சோடி சேர்த்ததும் கிட்டத்தட்ட இந்தக் காரணத்துக்காகத்தான்.

முதல் நாள் முதல் மணி நேரம் வளையம் எறிதலுக்கு. ஓர் அடி உயர மரக்குச்சி ஒன்று, தேங்காய்க் கயிற்றில் சுற்றிய ஐந்து வளையம், தரையில் ஓர் அடிக்கு ஒரு கோடாகப் பதினைந்து கோடு. எங்கிருந்து வேண்டுமானாலும் எறியலாம், ஆளுக்கு நாலு எறி. எறியும் முன் எத்தனை விழும் என்று சொல்லிவிட்டு எறிய வேண்டும். இரண்டாவது சுற்றில் தூரத்துக்கு ஏற்பப் புள்ளி. எறிவதற்கு மொத்தம் கால் மணி நேரம், அதைப் பற்றிப் பேசுவதற்கு அரை மணி நேரம். ஓரடியில் நின்றவருக்குத் தன்னைப் பற்றி எதுவும் தெரியவராது. பதினைந்தடியில் நின்றவர் விழுந்தாலும் விழாவிட்டாலும் அதிர்ஷ்டத்தின் கணக்கில் எழுதிவிடுவார். முதல் சுற்றின் முடிவைப் பார்த்துவிட்டு யார் அரை அடி நகர்ந்து நின்றார்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

இது கெட்டுப்போவது இரண்டு விதத்தில். மிதமான தூரம்தான் சரியான விடை என்று நடத்துபவர் முன்கூட்டியே சொல்லிவிட்டால், அடுத்த சுற்றில் எல்லாரும் எட்டாவது கோட்டில் வரிசை கட்டி நிற்பார்கள். இன்னொன்று, ஒரு விளையாட்டை வைத்து ‘நீங்க ரிஸ்க் எடுக்கிற டைப் சார்’ என்று ஆளுக்கு முத்திரை குத்துவது. நாலு எறியில் ஒரு மனிதரின் குணம் தெரிந்துவிடும் என்றால் கல்யாணத் தரகர்கள் எப்போதோ கயிறும் கையுமாகக் கிளம்பியிருப்பார்கள்.

பதினோரு மணிக்கு எல்லாரும் வெளியே. பயிற்சியின் முதுகெலும்பு இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

மூன்று பேர் கொண்ட எட்டுக் குழு. ஒவ்வொரு குழுவும் மதியம் மூன்றரைக்குள் ஐந்து பேரிடம் பேச வேண்டும். யாரிடம் பேசுவது, எந்தப் பிரச்சினையைப் பற்றி என்பதை முந்தின வாரமே குழுவே எழுதி அனுப்பியிருக்கும்: ஜவுளிக்கடைக்காரரின் தேங்கிய சரக்கு, தள்ளுவண்டிக்காரரின் மழைநாள், மெஸ் நடத்துபவரின் மிஞ்சிய சோறு. ஒருவர் பேசுவார், ஒருவர் வார்த்தைக்கு வார்த்தை எழுதுவார், மூன்றாமவர் கடையைப் பார்த்துக்கொண்டிருப்பார். என்ன இருக்கிறது, யார் வருகிறார்கள், பேச்சு எந்த இடத்தில் தயங்கியது என்று. பேட்டி முடிந்து பதினைந்து நிமிடத்துக்குள் டீக்கடையில் உட்கார்ந்து மூவரும் குறிப்பை ஒப்பிட வேண்டும். சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் ஐந்து பேட்டியும் ஒரே கஞ்சியாகக் குழம்பிவிடும்.

நேரம் பார்த்துப் போக வேண்டும். காய்கறி மொத்தச் சந்தையில் விடிகாலையில் யாரும் பேச மாட்டார்கள். வியாபாரம் ஓய்ந்து கணக்குப் பார்க்கும் வேளையில்தான் வாய் திறக்கும். சில்லறைக் கடைக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய மந்தமான நேரம். ஓட்டலுக்கு மூன்று மணி.

கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் வைக்கச் சொல்லுங்கள். யார், எதற்கு வந்திருக்கிறோம் என்பதை வாயால் சொல்லிவிட வேண்டும், மறைப்பது கூடாது. ஆனால் அட்டையும் இன் பண்ணிய சட்டையும் கையில் ஃபைலுமாகப் போய் நின்றால் கடைக்காரர் கண்ணுக்கு வரித்துறை ஆள் மாதிரி தெரியும், விற்பனை எல்லாம் பாதியாகிவிடும். பேராசிரியர் என்று தெரிந்தபின் வேறொரு தொல்லை. நம் ஊரில் படித்தவர் ஆசையாக ஒன்றைச் சொன்னால் மறுத்துப் பேசுவது மரியாதை இல்லை. ‘இப்படி ஒரு ஆப் வந்தா யூஸ் பண்ணுவீங்களாண்ணே?’ என்றால் ‘நல்லா இருக்கும் சார், தாராளமா பண்ணலாம்’ என்பார். அந்தப் பதிலுக்கு மதிப்பு பூஜ்யம். நம் யோசனையை அவரிடம் சொல்லவே கூடாது. கேட்க வேண்டியவை நடந்துமுடிந்த விஷயங்கள். ‘கடைசியா எப்ப இப்படி சரக்கு தேங்குச்சு? அப்ப என்ன பண்ணீங்க? எவ்வளவு நட்டம் ஆச்சு? அதுக்கப்புறம் ஏதாவது மாத்துனீங்களா?’ போன மாதம் நடந்ததைச் சொல்லும்போது மனிதர்கள் பொய் சொல்வது குறைவு. அடுத்த மாதம் என்ன செய்வோம் என்று சொல்லும்போது எல்லாருமே கவிஞர்கள்.

நாலாவது கேள்விக்கு ‘ஒண்ணும் மாத்தல’ என்று பதில் வந்தால், அவருக்கு அது பிரச்சினையே இல்லை என்று அர்த்தம். எரிச்சலாக இருக்கலாம், ஆனால் காசு செலவழித்துத் தீர்க்கும் அளவுக்கு வலி இல்லை. இந்த ஒரு பதிலை நேரில் கேட்ட ஆசிரியர், ஸ்மார்ட் குப்பைத்தொட்டி செய்கிறேன் என்று வரும் மாணவரிடம் அடுத்த நாள் வேறு மாதிரிதான் பேசுவார்.

இங்கேயே பெண்களைப் பற்றிச் சொல்லிவிடுவது நல்லது. மாணவிகளை வெளியே அனுப்பும் திட்டம் காகிதத்தில் அழகாக இருக்கும். விடுதி அவுட்பாஸில் செத்துப்போகும். கல்லூரி நேரத்துக்குள் முடிகிற வேலையாக, மூவர் குழுவாக, முதல்வரின் கடிதத்தோடு, முடிந்தால் கல்லூரிப் பேருந்திலேயே போய்வருவதாகத் திட்டமிட வேண்டும். சந்தைக்குத்தான் போக வேண்டும் என்றும் இல்லை. அம்மாவின் மகளிர் சுயஉதவிக் குழுவில் பத்துப் பதினைந்து பேர் வாரம் ஒருமுறை கூடுகிறார்கள். கடன், தவணை, விற்பனை மூன்றும் தெரிந்தவர்கள். அதைவிட நல்ல பேட்டிக் களம் பல மாணவர்களுக்குக் கிடைக்காது.

இரண்டாம் நாள் கணக்கு. ஆசிரியர்களில் பாதிப் பேர் நெளிவது இந்த நாளில்தான். பிசினஸ் மாடல் கேன்வாஸில் ஒன்பது கட்டம் இருக்கிறது, மஞ்சள் ஒட்டுத்தாள் ஒட்டலாம், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அடக்க விலை போடாமலேயே ஒன்பது கட்டத்தையும் நிரப்பிவிட முடியும் என்பதுதான் அதன் ஆபத்து. அதனால் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு கடைசிப் பைசா வரை போக வேண்டும். மரச்செக்குக் கடலை எண்ணெய் வகுப்பறைக்கு ஏற்ற பொருள், எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் லாபம் என்று நினைக்கிறார்கள். கீழே வரும் விலைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. பயிற்சி நடக்கும் அன்று கடைத்தெருவில் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ கடலைப் பருப்பு ஆகும். கிலோ 130 ரூபாய் என்றால் 325. பிண்ணாக்கு 1.4 கிலோ திரும்பக் கிடைக்கிறது, கிலோ 45 என்றால் 63 ரூபாய் வரவு. நிகரம் 262. மின்சாரம், வடிகட்டும் துணி, தேய்மானம் 10. பாட்டில், மூடி, லேபிள் 20. வண்டிக்கூலி 8. ஆக 300. பாட்டிலில் 400 என்று அச்சடித்து, கடைக்காரருக்கு 15 சதவீதம் விட்டால் கைக்கு வருவது 340. லிட்டருக்கு 40 ரூபாய் நிற்கிறது. பெரும்பாலான மாணவர் அறிக்கைகள் இந்த இடத்தில் மகிழ்ச்சியாக முடிந்துவிடும்.

ஆசிரியர் இங்கேதான் தொடங்க வேண்டும். வாடகை 8,000, இரண்டு பேருக்குச் சம்பளம் 30,000, இதர செலவு 4,000. மாதம் 42,000 விற்றாலும் விற்காவிட்டாலும் போகும். 40-ஆல் வகுத்தால் 1,050 லிட்டர். மாதம் 26 நாள் என்றால் நாளுக்கு 40 லிட்டர், அதாவது நாளுக்கு 100 கிலோ பருப்பு ஆட்ட வேண்டும். ஒரு செக்கு அதை ஆட்டுமா? ஒரு தடவைக்கு எத்தனை கிலோ கொள்ளும், எத்தனை நிமிடம்? தெரியாதென்றால் செக்குக்காரரிடம் போய்க் கேட்க வேண்டும். இந்த 1,050 லிட்டரும் விற்றால் லாபம் இல்லை, நட்டமும் இல்லை. முதலாளிக்குச் சம்பளமே இன்னும் வரவில்லை. ஜிஎஸ்டியையும் இன்னும் கணக்கில் தொடவில்லை.

பிறகு ஒவ்வொன்றாக அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பருப்பு கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏறினால் லிட்டருக்கு 25 ரூபாய் செலவு கூடும். 40 ரூபாய் 15 ஆகும். 1,050 லிட்டர் 2,800 லிட்டராகிவிடும். பத்து ரூபாய்க்கு இவ்வளவா என்று வகுப்பே நிமிர்ந்து உட்காரும் இடம் இது. கடைக்குப் போடாமல் வீடுகளுக்கு நேராக விற்றால்? கடைக்காரருக்கு விட்ட 60 ரூபாய் மிஞ்சி, லிட்டருக்கு 100 ரூபாய் நிற்கும், 420 லிட்டர் போதும். ஆனால் 420 லிட்டரை வீடு வீடாகக் கொண்டுபோவது யார், அந்த ஆளுக்குக் கூலி எங்கே? கடைக்காரர் ஒரு மாதக் கடனுக்குத்தான் எடுப்பேன் என்றால் 1,050 லிட்டர் பெருக்கல் 340, மூன்று லட்சத்து ஐம்பத்தேழாயிரம் ரூபாய் எப்போதும் வெளியே நிற்கும். லாபக் கணக்கில் இந்தப் பணம் கண்ணிலேயே படாது. கணக்கில் லாபம் காட்டிக்கொண்டே இழுத்து மூடும் தொழில்களைப் புரியவைக்க இந்த ஒரு வரி போதும்.

இந்தக் கணக்கை ஆசிரியர் கரும்பலகையில் தானே போட்டுக் காட்டினால் பயிற்சி வீண். பயிற்சியில் ஆசிரியர்கள் குழுவாக உட்கார்ந்து, முந்தின நாள் தாங்கள் பேசிவிட்டு வந்த தொழிலுக்கு இதே கணக்கைப் போட வேண்டும். எந்த எண் கேட்டது, எந்த எண் யூகம் என்று இரண்டு நிறப் பேனாவில் எழுத வேண்டும். பெரும்பாலும் தாள் முழுக்க யூகத்தின் நிறத்திலேயே இருக்கும். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி வெளியே போக வேண்டும்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாணவர் சந்தையில் தமிழில் கேட்கிறார். அடக்க விலை, கொள்முதல், கைமாத்து, வார வட்டி, கழிவு என்று முழு வணிகச் சொற்களஞ்சியமும் அவர் காதில் விழுகிறது. வகுப்புக்கு வந்ததும் அதை ஆங்கிலத்தில் எழுதச் சொல்கிறோம். கடைக்காரர் ‘சரக்கு தேங்கிப் போச்சு, பொண்டாட்டி நகையை வச்சுத்தான் தீவாளியை ஓட்டுனேன்’ என்றது, ‘கஸ்டமர் ஃபேசஸ் இன்வென்டரி இஷ்யூ’ என்று சுருங்கிவிடுகிறது. வட்டி, பண்டிகைக் காலம், குடும்பம் மூன்றும் அந்த மொழிபெயர்ப்பில் காணாமல் போயின. பேட்டிக் குறிப்பு தமிழில், பேசியது பேசியபடி இருக்கட்டும். தேர்வுத்தாளுக்கு வேண்டிய ஆங்கிலத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாம் நாள் வகுப்பு நடத்திப் பார்ப்பது. உண்மையான மாணவர்கள் வேண்டும். சக ஆசிரியர்களை மாணவராக நடிக்கச் சொன்னால் அளவுக்கு மீறி ஒத்துழைப்பார்கள். மாணவர் குழு மூன்று நிமிடம் பேசும், ஆசிரியர் நாலு நிமிடம் கேள்வி கேட்பார், பின்னால் ஒருவர் ஸ்டாப்வாட்ச் வைத்து ஆசிரியர் எத்தனை வினாடி பேசினார் என்று குறிப்பார். முதல் முயற்சியில் நாலு நிமிடத்தில் மூன்றை ஆசிரியரே எடுத்துக்கொள்வது சாதாரணம். ‘நல்ல ஐடியா, ஆனா நீங்க இதை இப்படிப் பண்ணலாமே’ என்று தொடங்கும் வாக்கியம்தான் பெரிய எதிரி. அதற்குப் பிறகு அது மாணவருடைய யோசனையாக இருக்காது. கேள்வி கேட்டுவிட்டு ஏழெட்டு வினாடி காத்திருக்கப் பழக வேண்டும். அந்த ஏழெட்டு வினாடி அமைதி ஆசிரியருக்கு ஒரு யுகமாகத் தெரியும்.

வகுப்பறைக் கணக்கும் இங்கே பார்த்துவிட வேண்டும். அறுபது மாணவர், குழுவுக்கு ஐந்து பேர், பன்னிரண்டு குழு. குழுவுக்கு ஏழு நிமிடம் என்றால் 84 நிமிடம். ஐம்பது நிமிடப் பாடவேளை இரண்டு சேர்த்தால் 100. மிச்சம் 16 நிமிடம், அதில் அந்த வாரத்துக்கான ஒரே ஒரு கருத்தைச் சொல்லிக்கொடுக்கலாம். குழுவுக்கு நாலு பேர் என்று வைத்தால் பதினைந்து குழு, 105 நிமிடம், மணி அடித்துவிடும். ஆகவே அடுத்தடுத்த இரண்டு பாடவேளை கால அட்டவணையில் கிடைக்காவிட்டால் இந்த முறையே நடக்காது. இதைத் துறைத்தலைவரிடம் பருவம் தொடங்குவதற்கு முன்பே பேசி வாங்க வேண்டும். தொடங்கிய பிறகு கேட்டால் யாரும் தர மாட்டார்கள்.

ஸ்டான்ஃபோர்டில் டினா சீலிக் என்ற ஆசிரியர் மாணவர் குழுக்களுக்கு ஐந்து டாலரும் இரண்டு மணி நேரமும் கொடுத்து, சம்பாதித்து வந்து வகுப்பில் மூன்று நிமிடம் சொல்லுங்கள் என்ற பயிற்சியைப் பல ஆசிரியர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். அதிகம் சம்பாதித்த குழு ஐந்து டாலரைத் தொடவே இல்லை. அந்த மூன்று நிமிடத்தையே, ஸ்டான்ஃபோர்டு மாணவர்களை வேலைக்கு எடுக்க விரும்பிய ஒரு நிறுவனத்துக்கு 650 டாலருக்கு விற்றுவிட்டது. இதை நூறு ரூபாய்ப் பயிற்சியாக இங்கே நடத்தும்போது கேன்டீன் வாசலில் பஜ்ஜிக் கடையாக முடிகிறது. வாங்குவது சக மாணவர்கள், பாசத்தில் வாங்குகிறார்கள். மீதியை அப்பா வாங்கிவிடுவார். சொந்தக் கல்லூரிக்குள், உறவினருக்கு, தெரிந்தவருக்கு விற்கக் கூடாது என்ற ஒரு விதியைச் சேர்த்தால் பயிற்சியின் தன்மையே மாறும். முன்பின் தெரியாத ஒருவர் பையிலிருந்து பத்து ரூபாயை எடுக்கவைப்பது எவ்வளவு கடினம் என்று அப்போதுதான் தெரியவரும். ஆசிரியர்களும் ஒருமுறை செய்ய வேண்டும். மாட்டேன் என்பவர்கள் இருப்பார்கள், வற்புறுத்த வேண்டியதில்லை; ஆனால் அவர் வகுப்பில் அந்தப் பயிற்சியை நடத்தாமல் இருப்பது நல்லது.

மதிப்பெண்தான் எல்லாரும் தள்ளிப்போடும் பேச்சு. நாலாம் நாள் முழுவதும் அதற்கே. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் எழுத்துத் தாளுக்கு அகமதிப்பீடு 40, பருவத்தேர்வு 60. அறுபது நம் கையில் இல்லை, நாற்பது இருக்கிறது. அந்த நாற்பதையும் இரண்டு இன்டர்னல் தேர்வில் ‘தொழில்முனைவோர் என்பவர் யார், அவர் குணங்களை விளக்குக’ என்று கேட்டுச் செலவழித்தால், மாணவர் வெளியே போகவே மாட்டார், போனது போல எழுதிக்கொடுப்பார். விதி எவ்வளவு இடம் கொடுக்கிறதோ அவ்வளவையும் பேட்டிக் குறிப்பேட்டுக்கும், இரண்டு நிறத்தில் எழுதிய அடக்கக் கணக்குக்கும், எந்த யோசனையை எதனால் கைவிட்டோம் என்ற ஒரு பக்கக் குறிப்புக்கும் பிரித்துக் கொடுக்கலாம். எழுதும் தேர்விலும் குணங்களைக் கேட்காமல், ஒரு சிறு தொழிலின் எண்களைக் கொடுத்து எங்கே இடிக்கிறது என்று கேட்கலாம்.

சம்பாதித்த பணத்துக்கு மதிப்பெண் போடவே கூடாது. போட்டால் பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் குழு எப்போதும் முதலில் வரும். யோசனையைக் கைவிட்ட குழுவுக்கு, கைவிட்டதற்கான ஆதாரம் வலுவாக இருந்தால், முழு மதிப்பெண் கொடுக்கத் துணிய வேண்டும். இந்த இடத்தில் ஆசிரியர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு வரும், ‘தோத்தவனுக்கு எப்படி சார் மார்க்?’ என்று. வேதியியல் ஆய்வகத்தில் உப்பு எது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் மதிப்பெண், அது விலையுயர்ந்த உப்பா என்பதற்கு இல்லை என்று சொன்னால் அறிவியல் ஆசிரியர்களுக்கு உடனே பிடிபடும்.

போலிப் பேட்டிகளைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. எல்லாரும் ஆம் என்றிருப்பார்கள். விலை எதுவும் இருக்காது. எல்லா வாடிக்கையாளரும் ஒரே நடையில் பேசியிருப்பார்கள், சில சமயம் நல்ல ஆங்கிலத்தில். இப்போது அது கணினி எழுதிக்கொடுத்த நடையாகவும் இருக்கும். ‘நீ எதிர்பார்க்காத பதில் எது, அப்ப அவர் என்ன செஞ்சிட்டிருந்தார்?’ என்று கேட்டால் போய்வந்தவர் கை ஆட்டிச் சொல்லத் தொடங்குவார், போகாதவர் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார்.

விருந்தினர் உரையை ஒழிக்க முடியாது, கல்லூரிகளுக்கு அது பிடிக்கும். திருத்தலாம். வரும் தொழிலதிபரிடம் வாழ்க்கை வரலாறு வேண்டாம், நீங்கள் எடுத்த ஒரே ஒரு முடிவை மட்டும் சொல்லுங்கள், அதிலும் பாதியில் நிறுத்திவிடுங்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். ‘பெரிய கடையிலிருந்து ஆர்டர் வந்தது, தொண்ணூறு நாள் கடன் கேட்டார்கள், கையில் இரண்டு லட்சம்தான் இருந்தது’ என்று அவர் நிறுத்துவார். மாணவர்கள் பத்து நிமிடம் கணக்குப் போட்டு என்ன செய்வோம் என்று சொல்வார்கள். பிறகு அவர் என்ன செய்தார் என்று சொல்வார். அவர் செய்தது தவறான முடிவாக இருந்தால் இன்னும் நல்லது.

அரசுத் திட்டங்கள் பற்றிய அமர்வுக்கு ஒரு மணி நேரம் போதும். திட்டங்களை மனப்பாடம் செய்வது பயனற்ற வேலை, எண்கள் மாறிக்கொண்டே இருக்கும். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கான திட்டச் செலவின் உச்சவரம்பு 2022-இல் 25 லட்சத்திலிருந்து 50 லட்சமானது, சேவைத் தொழிலுக்கு 10 லட்சம் 20 லட்சமானது. குறுந்தொழிலுக்கான வரையறை 2025 ஏப்ரலில் மாறி முதலீடு இரண்டரைக் கோடி, விற்றுமுதல் பத்துக் கோடி வரை என்றானது. பழைய ஸ்லைடு வைத்திருப்பவர் இன்னும் பழைய எண்ணையே சொல்லிக்கொண்டிருப்பார். மாவட்டத் தொழில் மையம் எங்கே இருக்கிறது, அங்கே யாரைப் பார்ப்பது, குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான உத்யம் பதிவுக்கு அரசு கட்டணம் வாங்குவதில்லை, அதற்குப் பணம் கேட்பவர் இடைத்தரகர் என்பது தெரிந்தால் மாணவர் மீதியைத் தேடிக்கொள்வார். மானியத்தில் தொடங்கும் பாடம் மானியத்துக்கு ஏற்ற தொழிலைத் தேடும் பழக்கத்தைத்தான் வளர்க்கும்.

இன்னொன்றை எந்த எஃப்டிபியிலும் பேசுவதில்லை. வகுப்பில் மூன்று பேர் தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் வீட்டிலிருந்து வந்திருப்பார்கள், முப்பது பேர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி ஏறியவர்கள். முன்னவருக்கு இரண்டு லட்சம் நட்டம் ஒரு படிப்பினை, பின்னவருக்கு அது ஐந்து வருடக் கந்து வட்டி. ‘ரிஸ்க் எடு’ என்று இருவருக்கும் ஒரே வசனத்தைச் சொல்வது அநியாயம். அனுபவமுள்ள 27 தொழில்முனைவோரைச் சத்தமாக யோசிக்கவைத்து ஆராய்ந்த சரஸ் சரஸ்வதி, 2001-இல் வெளியிட்ட கட்டுரையில் சொன்ன ஒரு கருத்து இங்கே உதவும். அவர்கள் எவ்வளவு வரும் என்று கணக்குப் போடுவதைவிட எவ்வளவு போனால் தாங்கும் என்று முதலில் பார்த்தார்கள். வீட்டில் இருக்கும் காய்கறியைப் பார்த்துவிட்டு இன்றைக்கு என்ன குழம்பு என்று முடிவு செய்வது மாதிரியான யோசனை. ஒவ்வொரு மாணவரும் தனக்குத் தாங்கும் தொகையைத் தனியாக, யாருக்கும் காட்டாமல், ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். சிலருக்கு அது 500 ரூபாயாக இருக்கும். 500 ரூபாயில் சோதித்துப் பார்க்கக் கூடியதாக யோசனையைச் சுருக்குவதுதான் அவருடைய வேலை, கடன் விண்ணப்பத்தை நிரப்புவது இல்லை.

ஐந்தாம் நாள் மதியம் சான்றிதழ் கொடுத்துவிட்டால் கதை முடிந்தது. பயிற்சியே அடுத்த பன்னிரண்டு வாரத்தில்தான் இருக்கிறது. நாலு ஆசிரியர்களாகச் சேர்த்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் தொலைபேசியில் கூட வேண்டும். ஒவ்வொருவரும் ஒரு பேட்டிக் குறிப்பேட்டின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்க வேண்டும். பேச்சு அந்தப் பக்கத்தைப் பற்றித்தான், பொதுவாக எப்படிப் போகிறது என்பதைப் பற்றி இல்லை. சரிவு வரும் இடங்கள் ஓரளவு தெரிந்தவை. மூன்றாவது, நாலாவது வாரத்தில் முதல் இன்டர்னல் வரும், ‘இந்த வாரம் மட்டும் போர்ஷனை முடிச்சிடுறேன்’ என்பார்கள். அந்த வாரத்தைத் தொடக்கத்திலேயே களப்பணி இல்லாத வாரமாகத் திட்டத்தில் எழுதிவிட்டால் தடம் மாறாது. ஐந்தாறு வாரத்தில் மாணவர்களின் முதல் யோசனைகள் எல்லாம் உடைந்து வகுப்பு சோர்ந்துபோகும். அப்போது ஆசிரியருக்குப் பழைய ஸ்லைடுகளைத் திறக்கக் கை துறுதுறுக்கும். பயிற்றுநர் வகுப்புக்கு நேரில் வந்து பின்வரிசையில் உட்கார வேண்டியது அந்த வாரம்.

எப்போதாவது ஒரு மாணவர் கேட்பார்: ‘நீங்க பிசினஸ் பண்ணியிருக்கீங்களா சார்?’ இதற்குப் பயந்தே பலர் இந்தப் பாடத்தை வேண்டாம் என்கிறார்கள். பண்ணவில்லை என்று சொல்லிவிடலாம். முப்பது கடைக்காரர்களிடம் உட்கார்ந்து அவர்கள் கணக்கை எழுதிய குறிப்பேடு ஒன்று மேசையில் இருந்தால், அடுத்த கேள்வி அந்தக் குறிப்பேட்டைப் பற்றித்தான் வரும்.

புகைப்படம் பற்றிக் கடைசியாக ஒன்று. 2018-இல் ஒன்றியக் கல்வித் துறை கொண்டுவந்த கல்லூரிப் புத்தாக்க மன்றங்களுக்கு நிகழ்ச்சி அறிக்கையும் நட்சத்திரத் தரமும் உண்டு. கல்லூரிகளுக்குத் தரம் வழங்கும் நாக் (NAAC) குழு வரும்போதும் படம் கேட்பார்கள். சந்தையில் பேட்டி எடுக்கும்போது செல்போனை நீட்டினால் கடைக்காரர் சிரித்துக்கொண்டு நிமிர்ந்து நிற்பார், பேச்சு அத்தோடு நின்றுவிடும். பேட்டி முடிந்து, அனுமதி கேட்டு, கிளம்பும் முன் ஒரு படம். ஆவணத்துக்கு அது போதும்.